சாய்ந்த சுவர்

அரபு மொழியில் துன்பத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் நம் இல்லங்களில் அன்றாடம் புழங்குவது 'முஸீபத்து' என்பது. பால் திரிந்து போனாலும் முஸீபத்து. பிள்ளை பரீட்சையில் தவறினாலும் முஸீபத்து. இத்தனை எளிதாக நாவில் உருளும் அச்சொல்லின் வேரை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. எய்த அம்பு குறியில் சென்று தைப்பதற்கு 'அஸாப' என்பர். அதிலிருந்து பிறந்ததே முஸீபத்து. வந்து தைத்தது என்பது அதன் நேர்ப்பொருள். சரியான கருத்துக்கு வழங்கும் 'ஸவாப்' என்னும் சொல்லும் இதே வேரினது. (நற்செயலின் கூலியைக் குறிக்கும் ஸவாபு வேறு, அதன் முதலெழுத்து வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் மாணவர் குழம்புவர்.)

வந்து தைத்தது என்றவுடன், எய்தவர் யார் என்னும் வினா எழாமல் இராது. நிலம் நடுங்கினால், கடல் பொங்கினால், பஞ்சம் வந்தால், கூரை தீப்பற்றினால் மனிதன் முதலிற் கேட்பது இதைத்தான். நம்மிடையே இதற்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக உள்ளன. ஒன்று, 'எல்லாம் கத்ர், நம் கையில் என்ன இருக்கிறது' என்பது. மற்றொன்று, 'பாவம் மிகுந்துவிட்டது, இறைவன் தண்டித்துவிட்டான்' என்பது. ஒரே பயானில் இரண்டும் அடுத்தடுத்து ஒலிப்பதையும் கேட்டிருக்கிறோம். முதல் விடை எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. இரண்டாவது மாண்டவரையே குற்றம் சாட்டுகிறது. இரண்டிலும் தப்பிவிடுபவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

திருமறையில் இவ்வேர்ச்சொல் வரும் மூன்று இடங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 'அல்ஹதீத்' அத்தியாயத்தின் 22ஆம் வசனம், பூமியிலோ மனிதர்களிலோ நேரும் எந்த முஸீபத்தும் முன்னரே ஏட்டில் பதிவானது என்கிறது. 'அஷ்ஷூரா' அத்தியாயத்தின் 30ஆம் வசனமோ, உங்களைத் தாக்குவது உங்கள் கைகள் தேடிக்கொண்டதே, அவற்றுட் பலவற்றை இறைவன் மன்னித்தும் விடுகிறான் என்னும் கருத்தைத் தருகிறது. 'அல்அன்ஃபால்' அத்தியாயத்தின் 25ஆம் வசனம், அநியாயம் செய்தோரை மட்டும் தாக்கி நின்றுவிடாத சோதனை ஒன்றைக் குறித்து எச்சரிக்கிறது. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்கு இவை முரண்போலத் தோன்றலாம். விதியா, வினையா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்வது போலவும் தோன்றலாம்.

அவை மனிதனின் வெவ்வேறு உறுப்புகளை நோக்கிப் பேசுகின்றன என்று கொண்டால் முரண் நீங்கிவிடும். விதியைக் கூறும் வசனத்தை அடுத்து வரும் வசனம் அதன் நோக்கத்தைத் தானே விளக்கிவிடுகிறது: கைவிட்டுப் போனதற்காக உடைந்துபோகாமலும், கிடைத்ததற்காகத் தருக்காமலும் இருப்பதற்கே அது. ஆகவே அது இழந்தவனின் நெஞ்சுக்கு. அஷ்ஷூராவின் வசனம் கைக்கு. ஆக்கம் இறைவனுடையது, 'கஸ்பு' மனிதனுடையது என்று இமாம் அஷ்அரீ (ரஹ்) அவர்களின் வழிவந்தோர் வகுத்த கொள்கையின் சொல்லும் அவ்வசனத்தில் உள்ள சொல்லே. மூன்றாம் வசனம் கண்ணுக்கு என்று சொல்லத் தோன்றுகிறது. அம்பு யார் மேல் தைத்தது என்பதைக் கண்டு, குற்றம் யாருடையது என்று முடிவு செய்ய இயலாது. அநியாயம் ஓரிடத்தில் நிகழும். அதன் அடி வேறோரிடத்தில் விழும்.

ஆது, ஸமூது கூட்டத்தார் அழிந்தது தண்டனையன்றோ என்று வினவுவோர் உண்டு. ஐயமில்லை. ஆனால் அதை நமக்கு அறிவித்தது வஹீ. அவர்களிடம் ஒரு நபி வந்தார், எச்சரித்தார், மறுக்கப்பட்டார். இன்று இடிந்து கிடக்கும் ஓர் ஊரைச் சுட்டி, இது தண்டனை என்று திட்டமாகக் கூறுகிறவருக்கு அச்செய்தி எவ்வழியாக வந்தது?

பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) அவர்கள் பச்சிளம் பருவத்தில் மறைந்த நாளில் கதிரவனைக் கிரகணம் பற்றியது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில், கிறித்தவ ஆண்டு 632 ஜனவரி 27 அன்று நிகழ்ந்த கிரகணம் அது என்று வானியலார் கணிக்கின்றனர். மதீனாவின் மக்கள் அந்தப் பிஞ்சுக்காகவே வானம் இருண்டது என்று பேசிக்கொண்டார்கள். தலைவர் ஒருவருக்கு இதைவிட இனிய வதந்தி வாய்க்குமா? ஆயின் அண்ணலார், சூரியனும் சந்திரனும் இறைவனின் சான்றுகளே. எவருடைய மரணத்துக்காகவோ வாழ்வுக்காகவோ அவை கிரகணம் கொள்வதில்லை என்று அறிவித்து, தொழுகைக்கு அழைத்துவிட்டார்கள். மகனை மண்ணில் வைத்த துயரத்திலும், இயற்கையின் ஒரு நிகழ்ச்சியைத் தம் குடும்பத்தின் மேன்மைக்குச் சான்றாக்க அவர்கள் இசையவில்லை. மேன்மைக்கே சான்றாகாத ஒன்றைப் பிறருடைய இழிவுக்கு மட்டும் சான்றாக்குவது எவ்வாறு பொருந்தும்?

இன்னொன்றும் உண்டு. கொள்ளைநோயில் இறந்தவர், வயிற்றுநோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கி மாண்டவர் ஆகியோரை, இறைவழியில் உயிர்நீத்தவரோடு சேர்த்து ஷஹீதுகள் என எண்ணிய நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ளது. மரபு அவர்களுக்கு வழங்கியிருப்பது பட்டம். நம்மவருட் சிலர் வழங்குவதோ பழி.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவை அடுத்த கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, பதினான்கு நாடுகளில் இரண்டேகால் இலட்சம் பேருக்கு மேல் பலிகொண்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் ஏறத்தாழ ஆறாயிரம். அன்று கடற்கரையில் விளையாடிய குழந்தைகள் செய்த பாவம் என்ன என்று எவரும் விளக்கியதில்லை. பெருஞ்சேதம் கண்ட அச்சே நாட்டிலேயே, இது அச்சே மக்களின் குற்றத்துக்கு வந்த தண்டனை என்று மிம்பர்களில் பேசினார்கள். அலை அங்கிருந்து புறப்பட்டு நம் சோழமண்டலக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நம் கரையிலிருந்த மீனவனுக்கு ஒரு சொல் சொல்ல எவரும் இல்லை. பசிபிக் மாகடலுக்குப் பல்லாண்டுகளாக இருந்த எச்சரிக்கை அமைப்பு இந்துமாக்கடலுக்கு அன்று இல்லை. ஹைதராபாத்தில் இந்தியாவின் எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007இல். நிலம் பிளந்தது கத்ர் என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த இரண்டு மணி நேர மௌனம் எந்தக் கணக்கில் சேரும்?

அதே அச்சேயைச் சேர்ந்த சிமெலுவே என்னும் தீவைப் பற்றிக் கேட்டால் வியப்பு ஏற்படும். நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையில் உள்ள தீவு அது. மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், ஏறத்தாழ 78,000 பேர். 1907இல் இத்தகைய அலை ஒன்று வந்து அங்கே பலரைக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காமல் குன்றுக்கு ஓடவேண்டும் என்பதைப் பாட்டிலும் கதையிலும் வைத்துப் பேரன்மாருக்குச் சொல்லிவைத்தார்கள். 2004இல் நிலம் ஆடியதும் 'ஸ்மோங்' என்று கூவியபடி ஊர் முழுதும் மேட்டுக்கு ஏறிவிட்டது. சில நிமிடங்களில் அலை வந்தது. மாண்டவர் எழுவர். வீடுகள் போயின, மக்கள் இருந்தார்கள். அத்தீவின் பாட்டிமார்களைக் காட்டிலும் கத்ரை நன்கு விளங்கிய அறிஞர்கள் உண்டோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இப்படிச் சொன்னால், விதியை விட்டு ஓடுவது ஈமானுக்கு அழகா என்று கேட்பவர் இருப்பார். இக்கேள்வி பழையது. கேட்டவரும் சாமானியர் அல்லர். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, எல்லையிலுள்ள ஸர்கு என்னுமிடத்தில், அந்நாட்டில் கொள்ளைநோய் பரவியுள்ள செய்தி கிடைத்தது. அம்வாஸ் கொள்ளைநோய் என்று வரலாறு கூறுவது அதுவே. முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் குறைஷி முதியோரையும் தனித்தனியே கலந்து, திரும்பிவிடுவதென்று கலீஃபா முடிவு செய்தார்கள். அப்போது படைத்தலைவர் அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களின் விடை புகழ்பெற்றது: ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது அதன் கருத்து. ஒரு பள்ளத்தாக்கின் ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியும் இருந்தால், ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் விதிப்படியே மேய்க்கிறாய் அல்லவா என்றும் வினவினார்கள். பின்னர் அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருப்போர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியைத் தெரிவித்தபோது அம்முடிவு உறுதிப்பட்டது. அபூஉபைதா (ரலி) அவர்கள் தம் மக்களோடு தங்கி அந்நோயிலேயே ஷஹீதானார்கள். இருவரையும் நாம் ஒருங்கே போற்றுகிறோம். ஒருவர் தம் உயிரைக் குறித்து விதியைப் பேசினார். மற்றவர் தம் பொறுப்பிலிருந்த பிறருடைய உயிரைக் குறித்துப் பேசினார். நான் அந்நிகழ்ச்சியில் காணும் நுட்பம் இதுதான்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஹிஜாஸில் மழை பொய்த்து, நிலம் சாம்பல் நிறமாகி, 'சாம்பலாண்டு' எனப் பெயர்பெற்ற பஞ்சம் வந்தது. உமர் (ரலி) அவர்கள் மழைவேண்டித் தொழவும் செய்தார்கள். ஷாமுக்கும் இராக்குக்கும் ஆளனுப்பித் தானியம் சுமந்த ஒட்டகங்களை வரவழைக்கவும் செய்தார்கள். மக்கள் உண்ணும்வரை தாம் நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்றார்கள். ஸகாத் வசூலைத் தள்ளிவைத்தார்கள். திருட்டுக்குரிய தண்டனையை அவ்வாண்டு நிறுத்திவைத்தார்கள் என்பது சட்ட அறிஞர் அனைவரும் எடுத்துப் பேசும் செய்தி. பசித்துத் திருடியவனை நோக்கி நீண்டிருக்க வேண்டிய சட்டத்தின் கையை, ஆள்பவர் தம் பக்கம் திருப்பிக்கொண்டார் என்றே இதற்குப் பொருள்.

எட்டு நூற்றாண்டுகள் கழித்து இதே சிந்தனையை ஒரு நூலாகவே எழுதிவைத்தவர் கெய்ரோவின் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (1364-1442). 'இகாஸதுல் உம்மா பிகஷ்ஃபில் கும்மா' என்பது அவர் ஹிஜ்ரி 808இல் முடித்த சிறுநூலின் பெயர். துயர் நீக்கிச் சமுதாயத்துக்கு உதவுதல் எனலாம். அதற்கு ஈராண்டு முன்னர் நைல் நதி உரிய அளவு பெருகாமற் போயிற்று. விலைகள் ஏறின, பசியும் நோயும் எகிப்தில் எண்ணற்றோரைக் கொண்டு சென்றன. இதுபோன்ற துன்பம் இதற்குமுன் வந்ததில்லை, இனித் தீரவும் தீராது என்று மக்கள் சொல்லலாயினர். மக்ரீஸீ அதை ஏற்கவில்லை. பண்டுதொட்டு எகிப்தில் வந்த பஞ்சங்களை வரிசையாக எடுத்துரைத்துவிட்டு, முன்னவை பெரும்பாலும் நதி குன்றியதாலும் மழை தவறியதாலும் பயிருக்கு நோய் வந்ததாலும் நேர்ந்த 'வானத்து இடர்கள்'. இப்போதையதோ ஆள்வோரின் கேடான நிர்வாகத்தால் நேர்ந்தது என்று பிரித்துக் காட்டினார்.

அவர் கூறும் காரணங்களைக் கேட்டால், நேற்று அச்சான செய்தித்தாளோ என்று ஐயுறுவீர்கள். பதவிகள் இலஞ்சத்துக்கு விற்கப்பட்டன. காழி, மாகாண ஆளுநர், அங்காடி கண்காணிக்கும் முஹ்தஸிப் என எல்லாப் பதவிகளும் அவ்வாறே. கடன் வாங்கிப் பதவி வாங்கியவன் கடனை அடைக்கக் குடிகளைப் பிழிந்தான். நிலத்தின் குத்தகை ஏற்றப்பட்டது. உழுதவன் ஊரைவிட்டு ஓடினான். பொன், வெள்ளி நாணயங்கள் மறைந்து செப்புக்காசு பெருகியது, விலை எகிறியது. இவற்றை எழுதியவர் ஏட்டுப்புலவர் மட்டுமல்லர். கெய்ரோவின் முஹ்தஸிபாகவே பணியாற்றி, தராசையும் படியையும் கையால் தொட்டுப் பார்த்தவர். நைல் குன்றியது உண்மை. அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் நதி ஓராண்டு குன்றியதற்கு ஆண்டுக்கணக்கில் மக்கள் ஏன் சாகவேண்டும் என்பதே அவர் வினா. விதியில் அசையாத நம்பிக்கை கொண்ட ஓர் ஆலிம் இப்படிக் கேட்டார் என்பதை நம் இளைஞர்கள் அறியவேண்டும்.

நம் தமிழகத்துக்கும் இதே வினா உரியது. 'தாது வருஷப் பஞ்சம்' என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன 1876-78ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில், தென்னகத்திலும் மேற்கிலும் மாண்டவர் 50 இலட்சத்துக்கு மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பருவமழை பொய்த்தது, அது வானத்தின் பங்கு. ஆனால் அவ்வேளையிலும் இந்நாட்டுத் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. விலையில் தலையிடலாகாது என்பதே வைசிராய் லிட்டன் பிரபுவின் கொள்கை. 1877 ஜனவரி முதல் நாள் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க டில்லியில் அவர் தர்பார் கூட்டியபோது இங்கே மக்கள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அவர் சென்னைக்கு அனுப்பியவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். அவர் கதை நின்று நோக்கத் தக்கது. மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துக் கொடுத்து மக்களைக் காத்த நிர்வாகத்தை நடத்தியவர் அவரே. பட்டினிச்சாவு மிக அரிதாயிற்று. அதற்குக் கிடைத்த பரிசு, பணத்தை வாரியிறைத்தார் என்ற கண்டனம். அந்தக் கண்டனத்தைத் துடைத்துக்கொள்ள வந்தவர்போல் அவர் சென்னை மாகாணத்தில், வேலைத்தலங்களில் நாளெல்லாம் உடலுழைப்பவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், இது உயிர் தாங்காது என்று வாதாடினார். ஒரே மனிதர், ஒரே பேரரசு, பீகாரில் பிழைத்தார்கள், சென்னையில் மாண்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை மழையின் மேல் ஏற்றமுடியுமா?

இதுவரை கூறியவை வரலாறு. ஷரீஅத்தின் சட்டம் இவ்விடத்தில் என்ன சொல்கிறது என்று கேட்பது முறை. நம் மதரஸாக்களில் ஹனஃபீ பிக்ஹு ஓதுவோர் அனைவரும் கற்கும் கிதாபு 'ஹிதாயா'. ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் இயற்றியது. அதில் இரத்த ஈட்டுத்தொகையாகிய தியத்தைப் பற்றிய பகுதியில் 'சாய்ந்த சுவர்' என்றே ஒரு பிரிவு உண்டு. மாணவர் பெரும்பாலும் தேர்வுக்காக ஓதி மறந்துவிடும் பகுதி. என் கணிப்பில், பேரிடரைப் பற்றி நம் மரபில் எழுதப்பட்டவற்றுள் கூர்மையானது அதுவே.

மஸ்அலா இதுதான். ஒருவருடைய சுவர் பொதுவழியின் பக்கம் சாய்ந்துவிட்டது. இதை இடித்துவிடு என்று அவரிடம் கோரப்பட்டது. கோரியதற்குச் சாட்சியும் வைக்கப்பட்டது. இடிப்பதற்குப் போதிய அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. பிறகு சுவர் விழுந்தது. அதில் அழிந்த உயிருக்கும் பொருளுக்கும் அவர் பொறுப்பாளி. உயிருக்குத் தியத் உண்டு, பொருளுக்கு ஈடு உண்டு. எவரும் கோரும்முன் விழுந்திருந்தால் பொறுப்பில்லை. ஆனால் தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால், கோரிக்கை தேவையே இல்லை, கட்டியதே குற்றம். கோருகிறவர் யாராகவும் இருக்கலாம். முஸ்லிமா, முஸ்லிம் அல்லாதவரா, ஆணா, பெண்ணா என்ற வேறுபாடு இல்லை. ஏனெனில் அவ்வழியே நடக்கும் உரிமை அனைவருக்கும் பொது.

சுவரைத் தள்ளியது காற்றாக இருக்கலாம், மழையாக இருக்கலாம். சுவர் விழுந்தது அல்லாஹ்வின் விதிப்படியே என்பதில் அந்த இமாம்களுக்கு எள்ளளவும் ஐயமில்லை. இருந்தும், 'விதி விழுத்தாட்டியது, நான் என் செய்வேன்' என்னும் வாதத்தை உடையவனிடமிருந்து ஏற்றுக்கொள்ள அவர்கள் ஓரிடமும் வைக்கவில்லை. இடிபாட்டில் மாண்டவரை ஷஹீது என்ற நபிமொழியை இதனோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே சுவர்; ஒரே வீழ்ச்சி. கீழே கிடப்பவருக்குப் பட்டம், மேலே இருந்தவருக்குப் பற்றுச்சீட்டு. நாம் வழக்கமாக இதைத் தலைகீழாக்கி, கீழே கிடப்பவரிடம் பாவக்கணக்கைக் கேட்டு, உடையவருக்குக் கத்ரைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

ஹனஃபீ மத்ஹபையே பெரிதும் பின்பற்றும் துருக்கியில் இம்மஸ்அலா அண்மையில் உயிர்பெற்று எழுந்தது. 2014 மே 13 அன்று சோமா என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்து 301 தொழிலாளர் இறந்தனர். அப்போது பிரதமராயிருந்த எர்துவான், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சுரங்க விபத்துகளை எடுத்துக்காட்டி, இத்தொழிலின் 'ஃபித்ரத்'திலேயே இது உள்ளது என்றார். ஃபித்ரத் என்பது இறைவன் மனிதனை எவ்வியல்பில் படைத்தானோ அதைக் குறிக்கத் திருமறை ஆளும் சொல். காற்றோட்டம் கெட்ட சுரங்கத்துக்கு அச்சொல் இடம்பெயர்ந்ததைக் கண்டு அரபு படித்தவன் துணுக்குறாமல் இருக்கமுடியாது.

2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17 மணிக்கு 7.8 அளவிலான நிலநடுக்கமும், நண்பகலுக்குப் பின் 7.5 அளவிலான மற்றொன்றும் துருக்கியின் தென்பகுதியைக் குலுக்கின. துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் இறந்தனர். சிரியாவிலும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இரு நாள் கழித்து, அதிபராகிவிட்டிருந்த அதே எர்துவான் பஸார்ஜிக் என்னும் ஊரில் துயருற்றோரிடையே நின்று, இவை விதியின் திட்டத்தில் உள்ளவை என்றார். இறையச்சமுள்ள ஒருவர் ஆறுதலாகச் சொன்னதாக அதைக் கொள்ளலாம். ஆனால் சுவர் சாய்ந்திருந்ததா, கோரப்பட்டதா என்ற இரு வினாக்கள் எஞ்சுகின்றன. 1999இல் இஸ்மித் நிலநடுக்கத்தில் 17,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோதே, மணலும் கம்பியும் குறைத்துக் கட்டிய கட்டடங்களே கொன்றன என்று நாடு கண்டுகொண்டது. புதிய விதிகள் வந்தன. பின்னர் 2018இல், தேர்தலை ஒட்டி, அனுமதியின்றிக் கட்டிய இலட்சக்கணக்கான கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு மன்னிப்பு வழங்கப்பட்டது. பொறியாளர் சங்கங்கள் வேண்டாம் என்று எச்சரித்தன. ஹிதாயாவின் மொழியில் சொன்னால், கோரிக்கையும் நடந்தது; சாட்சியும் உண்டு; அவகாசமும் இருந்தது.

நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அம்மாத இறுதியில் அவர் அதியமான் என்னும் நகரத்தில் (நம் சங்ககால வள்ளலின் பெயர்போலவே நம் காதில் விழுகிறது), முதல் நாட்களில் மீட்புப்பணி தாமதமானதற்காக மக்களிடம் 'ஹலால்' கேட்டார். விதியிடம் எவரும் ஹலால் கேட்பதில்லை. மனிதர் மனிதரிடமே கேட்பர். அந்நகரில் தரைமட்டமாகி 72 பேரைக் கொன்ற ஒரு தங்கும் விடுதியின் உரிமையாளருக்கு 2024 டிசம்பரில் நீதிமன்றம் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறை விதித்தது. அதில் தங்கியிருந்த சைப்ரஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் விடாமல் வழக்காடியதன் விளைவு அது. அடியார்களின் உரிமையை உரியவர் மன்னிக்காமல் இறைவன் மன்னிப்பதில்லை என்று நாம் மக்தபிலேயே படிக்கிறோம். மாண்டவர் மன்னிக்கும் நிலையில் இல்லை.

சுவரை விற்றுவிட்டால் என்ன என்ற கேள்வியையும் இமாம்கள் விட்டுவைக்கவில்லை. கோரிக்கைக்குப் பின் வீட்டை விற்று ஒப்படைத்துவிட்டால், இடிக்கும் அதிகாரம் கைமாறிவிட்டதால் விற்றவர் பொறுப்பு நீங்கும். வாங்கியவரிடம் புதிதாகக் கோரவேண்டும் என்பது ஹிதாயாவின் தீர்ப்பு. ஓதும்போது எனக்கு இது என்றும் உறுத்தும். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, அந்த நிறுவனம் 2001இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனதும், வாங்கியவர் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று நின்றதும் உலகறிந்தவை. அங்கே ஆலை அதற்கு முன்பே கொன்றுவிட்டது; ஆகவே இம்மஸ்அலா அதற்குப் பொருந்தாது. ஆயினும் உடைமை கைமாறும் இடுக்கில் இரத்தத்தின் கணக்கு எப்படி நழுவிவிடுகிறது என்பதை அவ்வறிஞர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டாரையும் வெள்ளைக்காரரையும் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அடுத்து மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் கருகினார்கள். தீ எவ்வாறு பற்றியது என்பதை வேண்டுமானால் விதி என்று சொல்லுங்கள். சங்கிலியைப் பூட்டிய கைக்கு விரல்கள் ஐந்து உண்டு. அந்த நோயாளிகளைக் கொணர்ந்து விட்டவர்கள் பகைவர் அல்லர். தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும். பரக்கத்தை நாடியே விட்டார்கள். மாதந்தோறும் பணமும் அனுப்பினார்கள். ஜியாரத்துக்கு வந்து சென்ற குடும்பங்கள் ஆயிரமாயிரம். கொட்டகைகள் ஒளிந்திருக்கவில்லை, சங்கிலிகளின் ஓசையும் ஒளிந்திருக்கவில்லை. பொதுவழியில் சாய்ந்து நின்ற சுவர் அது.

தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன, நடத்தியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதையே தடைசெய்தது. குஜராத்தின் ஒரு தர்காவில் தொடங்கிய, துஆவோடு தவாவையும் சேர்த்து வழங்கும் முறை ஏர்வாடிக்கும் வந்தது. மழைக்குத் தொழுதுகொண்டே ஒட்டகங்களையும் வரவழைத்த கலீஃபாவின் வழி இதுதான். வந்தது 28 ஜனாஸாக்களுக்குப் பிறகு.

கோரிக்கை எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதையும் ஃபத்வா நூல்கள் ஆராய்ந்திருக்கின்றன. சுவருக்கு உடையவரிடம் ஒருவர் சென்று, 'உம் சுவர் சாய்ந்திருக்கிறது, இடித்துவிடுவது உமக்கு நல்லது' என்றால் அது கோரிக்கை ஆகாது, வெறும் ஆலோசனையே. பிறகு சுவர் விழுந்தாலும் அச்சொல்லைக் கொண்டு அவரிடம் ஈடு கேட்க இயலாது. 'இது ஆபத்தான சுவர், இடி' என்று சொல்லியிருக்கவேண்டும்.